ஏப்ரல் மாதப் பிழை

சாவி என்னிடம்தான்.
காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை,
மாதம் ஏழாயிரத்து ஐந்நூறு.
வருகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதைத்
தாளில் எழுதித் தந்திருந்தார்கள்:
சுவர், சூளையில் சுடாத மண்கட்டி.
கூரைக்குள் கவிழ்த்து வைத்த ஓடுகள்.
மழைநீர்த் தொட்டி பன்னிரண்டாயிரம் லிட்டர்.
மூன்றாம் நாளே தாள் தேவைப்படவில்லை.

பனங்காட்டில் எங்கள் தெரு முடிகிற இடத்தில்
மாதிரி வீடு.
கல்லூரிப் பிள்ளைகள் சுவரில் கன்னம் வைத்துப் பார்ப்பார்கள்.
கலெக்டர் ஆபீஸ்காரர்
சதுர அடிக்கு என்ன ஆச்சு என்றார், கரையான் வருமா என்றார்.
ஓமலூரிலிருந்து வந்தவருக்கு
மகள் கல்யாணத்துக்குள் வீடு முடிக்கணும்.
"மண் வீடுன்னா சம்பந்தி என்ன நெனப்பாங்க?"
தாளில் இதற்குப் பதில் இல்லை.

கட்டில் விரிப்பு மடிப்புக் கலைந்ததில்லை.
அடுப்பு ஒருநாளும் எரிந்ததில்லை.
ஹால் சுவரில் வெள்ளைப் பெட்டி,
பச்சை விளக்கைச் சிமிட்டிக்கொண்டு.
பத்து நிமிஷத்துக்கு ஒருதரம்
வீட்டின் சூட்டை எழுதிச் சென்னைக்கு அனுப்பிவிடும்.

எங்கள் தெரு கொலுசுத் தெரு.
ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டுக்குக் கீழே
நெருப்பை ஊதி வெள்ளி பற்றவைக்கிறோம்.
ஃபேன் போட்டால் சுடர் ஆடும்,
போடமாட்டோம்.
போன ஏப்ரலில் ராத்திரி பதினொன்றுக்கும்
சுவரில் கை வைக்க முடியவில்லை.
வடக்கே மலை தெரிந்தது, அதன் மேல் ஏற்காட்டு விளக்குகள்.
அங்கே போர்வை போர்த்தியிருப்பார்கள்.
மும்தாஜின் குழந்தைக்கு இருபத்தொரு நாள்.
அழத் தெம்பில்லாமல்
வாயைத் திறந்து திறந்து மூடியது.

யோசிக்கவில்லை என்றால் பொய்.
வேலை போகும் என்று யோசித்தேன்.
பிறகு சாவியைத் தேடினேன்,
இடுப்பிலேயே இருந்தது.

முதல் ராத்திரி தாயும் பிள்ளையும்.
மறுநாள் எதிர்வீட்டுப் பத்தாம் வகுப்பு, விடிந்தால் கணக்குப் பரீட்சை.
அப்புறம் டயாலிசிஸ் முடித்து வந்த குப்பண்ணன்,
அவர் சம்சாரம், சம்சாரத்தின் தங்கை.
சாக்கடைச் சண்டையில் இரண்டு வருஷமாய்ப் பேச்சில்லாத
கோகிலாவும் தெய்வானையும்
ஒரே பாயில், முதுகைக் காட்டிக்கொண்டு.
விடியும்போது ஒருத்தி கை மற்றவள் மேல் கிடந்தது.
விழித்ததும் வெடுக்கென்று எடுத்துக்கொண்டாள்.
விரிப்பை மட்டும் தொடாதீங்க என்றேன்.
தொடவில்லை.
கட்டில் காலியாக, தரை நிறைய ஆட்கள்.
ஆறு மணிக்குள் பெருக்கி,
குழந்தை நனைத்த இடத்தைத் துடைத்து,
ஊதுபத்தி கொளுத்திவிடுவேன்.

மே மாதம் இன்ஜினியர் அகிலா வந்தார்.
"பகல்ல சரியா இருக்கு. ராத்திரிதான் ரெண்டு டிகிரி கூட.
ஏப்ரல் ஏழுலேர்ந்து."
ஈரப்பதமும் ஏறியிருந்ததாம்.
சுவரைத் தட்டினார், பெட்டியைத் தட்டினார்,
கழற்றிவிட்டுப் புதுப்பெட்டி மாட்டினார்.
பதினோரு பேர் மூச்சு என்று
நான் சொல்லவில்லை.

உருண்டுபோன பேனாவுக்காகக் குனிந்தவர்
கட்டிலுக்கடியிலிருந்து
பால்பாட்டில் மூடி ஒன்றோடு எழுந்தார்.
வெகுநேரம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
"எத்தனை பேரு?"
சொன்னேன்.
லேப்டாப்பில் ஏதோ தட்டினார்.
இங்கிலீஷ். எனக்கு வாசிக்க வராது.
"உங்க வீட்டுல எவ்வளவு இருக்கும்?" என்றார்.
வாடகையைக் கேட்கிறார் என்று நினைத்து
இரண்டாயிரம் என்றேன்.

கழற்றிய பெட்டி இப்போது என் வீட்டில்,
ஷீட்டுக்கு ஒரு முழம் கீழே.
மதியம் மூன்றுக்கு நாற்பத்துமூன்று.
பத்து நிமிஷத்துக்கு ஒருதரம்
சென்னையில் யாருக்கோ போய்ச் சேருகிறது.
பார்த்தார்களா என்று கேட்க வழியில்லை,
அது எழுதுகிற பெட்டி, பேசுகிறதில்லை.

ராத்திரிச் சாவியைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை.
நானும் கேட்கவில்லை.

இன்றைக்கு நாமக்கல் காலேஜிலிருந்து நாற்பது பேர்.
செருப்பைக் கழற்றச் சொல்ல வேண்டும்.